கவியரசனின் வலது கை

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு அம்மா எழுதுவது. ஜப்பானில் நீயும் காவ்யாவும் குழந்தை இனியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆத்தா பிரகதாம்பாள் துணை. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் நீ பேசியபோது, ஊரில் சின்னத் தகராறு, கவிக்குக் கையில் காயம் என்று உன் அப்பா சொன்னார். நான் போனை வாங்கிக் கவி பேரை எடுத்ததும் பிடுங்கி அணைத்துவிட்டார். அது சின்னத் தகராறும் இல்லை, காயமும் இல்லை. உன் பெரியப்பா மகன் பிரவீன்குமார் உன் கூட்டாளி கவியின் வலது கையை மணிக்கட்டில் வெட்டிவிட்டான். நான் கண்ணால் பார்த்தேன். போனைப் பிடுங்கலாம், எழுதுகிறதை எப்படிப் பிடுங்குவார், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். லேபில் வேலை கிடக்கிறது என்று தள்ளி வைக்காமல் உட்கார்ந்து முழுசாகப் படி.

உனக்கு அங்கே தனி ஆய்வுக்கூடம் கொடுத்துத் தலைவனாக்கிய செய்தி பேப்பரில் வந்ததும் இங்கே ஊரே துள்ளியது. உன் மகன் என்ன ஆராய்ச்சி பண்ணுகிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ சொல்லிக்கொடுத்தபடி, கரிமப் பொருளைத் தாளைவிட மெல்லிசாகப் பூசி அதில் வெளிச்சம் வரவைக்கிறான், சுருட்டி மடக்கினாலும் எரியும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பிரவீனுக்கு அதெல்லாம் எதற்கு, அவனுக்கு வேண்டியது தெரு முக்கத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். புதுக்கோட்டையில் கவியின் ஃப்ளெக்ஸ் கடையிலேயே ஆர்டர் கொடுத்து, உன் பேருக்குப் பின்னால் நம் சாதிப் பட்டத்தைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறான். கவி உன்னைக் கேட்டதும் நீ அன்றைக்கே போனில் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய், எம்பேருக்குப் பின்னாடி வால ஒட்டச் சொல்லிருக்கான்மா, எந்தக் கட்டுரையிலயும் நான் அதப் போட்டதில்ல, இதுலயும் வேண்டாம், எடுத்துருன்னு கவிகிட்டச் சொல்லிட்டேன் என்று. சரியாகத்தான் சொன்னாய். நீ சொன்னபடி அவன் எடுத்துவிட்டான்.

அன்று காலையில் நான் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முக்கத்தில் கவி ஏணியில் நின்று ஃப்ளெக்ஸைச் சவுக்குக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவு உயரத்தில் உன் முகத்தைப் பார்த்ததும் பெருமை தாங்காமல் நின்றுவிட்டேன். பிரவீன் பைக்கில் வந்தான், மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தான், பட்டம் எங்கடா என்றான். கவி இறங்கி வந்து, விட்டுப்போச்சுண்ணே, நாந்தான் கவனிக்கல, மாத்தி அடிச்சுத் தாரேன் என்று தணிந்துதான் சொன்னான். எங்க பேருல கை வைக்கிற அளவுக்கு வந்துட்டியா என்று கேட்டவன், கம்பு சீவக் கிடந்த அரிவாளை எடுத்து முகத்துக்கு நேராக வீசினான். கவி கையைத் தூக்கி மறித்தான். இளநீர் சீவுகிற சத்தம்தான் கேட்டது. கை தோலில் தொங்கியது. ரத்தம் அடித்த அடியில் என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. அந்தப் பாவி மறுபடியும் ஓங்கினான், இந்தத் தடவை கழுத்துக்கு. நான் முட்டை அட்டையை அப்படியே அவன் மூஞ்சியில் அடித்தேன், அவன் கண்ணைத் துடைப்பதற்குள் சவுக்குக் கம்பு ஒன்றைத் தூக்கி முழங்காலில் போட்டேன். விழுந்தான். விழுந்த பிறகும் போட்டேன். முட்டிச் சிரட்டை உடைந்துவிட்டதாம். எனக்குத் துளி வருத்தம் கிடையாது, இன்றைக்கு நின்றாலும் அடிப்பேன்.

உன் அப்பா எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். ஓடிவந்து தோள் துண்டை உருவி இறுக்கிக் கட்டி, வேனில் புதுக்கோட்டை வரைக்கும் அந்தக் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ண மூடாதடா கவி, கண்ண மூடாதடா என்று அழுதுகொண்டே வந்தார். அங்கே முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்கத் தைத்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கறுத்துப்போய், இரண்டையும் எடுத்துவிட்டார்கள், மற்ற விரல்களுக்கு ரத்தம் போகிறது என்கிறார்கள். ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கச் சிவப்பு வெளிச்சம் எரிகிற கிளிப்பை விரலில் மாட்டினார்கள். வீங்கின விரலில் அது நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது, நர்ஸ் நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவி அந்த வலியிலும் என்னைப் பார்த்து, ஆனந்து செய்யிற வெளிச்ச ஒட்டு இருந்தா இவங்களுக்கு இந்த வேல மிச்சம்மா, அது தோலோட தோலா ஒட்டிக்கிட்டு ரத்த ஓட்டத்தக் காட்டுமாம் என்றான். நீ செய்கிறது உன் தாய்க்குப் புரிந்ததைவிட அவனுக்குத்தான் புரிந்திருக்கிறது. உன் டாக்டர் பட்டத்துப் புத்தகத்தில் எந்தப் பூச்சுக்கு மேல் எந்தப் பூச்சு, வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று படம் படமாக வரைந்து கொடுத்தவன் அவன்தானே. அந்தக் கையால் இனிமேல் மவுஸ் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். முதலில் கை தங்கட்டும்மா என்றார் டாக்டர்.

இதைக் கேள். கவி கைக்குக் கட்டுப் போட்ட உன் அப்பா ஸ்டேஷனில் போய், கட்டுப் போடத்தான் ஓடுனேன், வெட்டுனது யாருன்னு கவனிக்கலங்க என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணன் மகனாம், ரத்தமாம். அவர் சட்டையில் இருந்தது யார் ரத்தம் என்று கேட்டேன். அன்றிலிருந்து அந்த மனுஷனுக்கு நான் சோறு போடவில்லை, அவரே வடித்துத் தின்கிறார். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பிரவீன் இப்போது போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நான் சொல்லிவிட்டு வந்த மறுநாளே வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. கொல்லையில் கட்டிக்கிடந்த பசுவின் பின்னங்காலை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வாயில்லாச் சீவன் என்ன செய்தது. அது கத்திக் கத்திச் செத்தது. நான் அருவாமனையை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, எவனுக்குத் தைரியம் இருக்கிறதோ வாங்கடா என்று தெருவே கேட்கக் கத்தினேன். ஒருத்தனும் வரவில்லை.

வந்தது உன் பெரியப்பா மூக்கன்தான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ராணி, நடந்தது நடந்துபோச்சு, தம்பி ஜப்பான்லேருந்து ஒரு வார்த்த பேசி அனுப்பட்டும், பட்டத்த எடுக்கச் சொன்னது நான் இல்ல, அவனாத்தான் கொழுப்பெடுத்து எடுத்தான்னு, அத வச்சுக் கவியோட காலனிக்காரங்களப் பேசி ராசியாக்கிருவோம் என்றார். அதே வார்த்தையை உன் அப்பாவும் உன்னிடம் கேட்கப் போகிறார், சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்பார், ஏமாந்துவிடாதே. வெட்டினவனைக் காப்பாற்ற வெட்டுப்பட்டவனைக் குற்றவாளியாக்க உன் வாயைக் கேட்கிறார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் கவியின் பெண்டாட்டி ரம்யாவிடம் விசாரித்தேன். போலீஸ்காரர் எத்தனை தடவை கேட்டும் கவி, மறந்துட்டேன், நாந்தான் விட்டுட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். நீ சொல்லித்தான் எடுத்தேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன்டா இப்படி என்று நானே கேட்டேன். அவம் பேரு வெளிய வந்தா ஒங்க வீட்டக் கொளுத்திருவானுங்கம்மா, நீங்க இங்கதான இருக்கணும் என்றான். வெட்டு விழுகிற நேரத்தில்கூட உன் பேரைச் சொல்லித் தப்பிக்க அவனுக்குத் தோன்றவில்லை, ஆனந்து.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பட்டத்தை எடுக்கச் சொன்னது நான், அது என் பேர், கவி என் சொல்லைத்தான் கேட்டான் என்று உன் முகம் தெரியப் பேசி, ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி அனுப்பு. ஸ்டேஷனுக்கும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அம்மா அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று யோசிக்காதே, வீடு எரிந்தால் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்வேன். பெரிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைவன், இந்த ஊர் வம்பு எனக்கு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டால் அதுவும் பெரியப்பா கேட்டதைச் சொன்ன மாதிரிதான். அப்படி இருந்தால் நீ வாங்குகிற பரிசு எதையும் என்னிடம் சொல்லாதே, எனக்குக் கேட்காது.

காவ்யாவை இந்தச் சேதியைக் கேட்டு அழ விடாதே, பால் கொடுக்கிறவள். பேத்திக்குப் பனியில் காதை மூடிவிடு. மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், அதைத் தவிர இந்தத் தாய்க்கு வேறு ஆசை கிடையாது. கவிக்கு இன்னும் இடது கை பழகவில்லை, இன்றைக்கும் மதுரைக்குப் போய் நான்தான் ஊட்டிவிட்டு வந்தேன். நீ பேசவேண்டியதைப் பேசி அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன்னால் பண்ணாதே.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
பெ. செல்வராணி