ஏழாயிரம் எண்டு சொன்னீங்கள்

என்ர அன்பான அண்ணைக்கு,

நேற்று அந்த விமானி வந்திட்டுப் போனவர். அகதிகள் விடுதியில எங்கட அறைக்குத்தான் வந்தவர். உங்கட கட்டில் விளிம்பில இருந்து தேத்தண்ணி குடிச்சார். நீங்கள் கண்ணை மூடின செய்தி பிந்தித்தான் அவருக்குத் தெரிஞ்சதாம்.

ஊரில நீங்கள் விமானங்களுக்கு வழி சொல்லுற கோபுரத்தில வேலை செய்தது இஞ்ச ஆருக்குத் தெரியும்? வேலை அனுமதி இல்லாத இன்னொரு அகதி, அவ்வளவுதான். ஆனால் தலைக்கு மேல விமானம் போனால், அந்தச் சத்தம் அடங்கும் வரைக்கும் நீங்கள் கதைக்கமாட்டியள்.

அண்டைக்கு நடந்ததை எனக்கு ஒருக்காத்தான் சொன்னனீங்கள். இறங்கி வந்த ஜெர்மன் விமானத்துக்கு ஏழாயிரம் அடியில நிக்கச் சொன்னீங்கள். விமானி ஆறாயிரம் எண்டு திருப்பிச் சொன்னார். அதே நேரம் வேறொரு விமானம் உங்களைக் கூப்பிட, நீங்கள் இவருக்குச் "சரி" எண்டிட்டியள். ஆறாயிரத்தில இன்னொண்டு நிறையச் சனத்தோட வந்துகொண்டிருந்தது. மேகம் கொஞ்சம் விலகினபடியால் அவர் கண்டு திருப்பினார். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அந்தச் சனத்துக்கு இது எப்பவாவது தெரிய வந்திருக்குமோ?

விசாரணைக்கு முதல் உங்கட மேலதிகாரி, "ஒலிநாடா தெளிவில்லை. நீ வாய் திறவாதை, பழி அவனோட போகட்டும்" எண்டவர். நீங்கள் கேக்கேல்லை. "அவர் பிழையாச் சொன்னார். அதைத் திருத்திறது என்ர வேலை. நான் திருத்தேல்லை" எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்கள். கோபுரத்தால இறக்கிப்போட்டாங்கள். பிறகு எண்பத்திமூண்டில கலவரம் வந்து, இஞ்ச ஜெர்மனிக்கு ஓடி வந்தம்.

அந்த விமானி இஞ்ச பான் நகரத்தில இருக்கிறார் எண்டு அறிஞ்சதும், அகதியள் கேளாமல் மாவட்டம் தாண்ட ஏலாதெண்டபடியால் அனுமதி கேட்டு அலைஞ்சியள். "சொந்தக்காரரோ?" எண்டு அலுவலகப் பெண் கேட்டா. இல்லை எண்டியள். "அப்ப ஏன் போகவேணும்?" எண்டாலும் விடாமல் கேட்டு, கடைசியில அனுமதி எடுத்துப்போட்டியள்.

நாங்கள் ரெண்டு பேரும் அவரிட்டைப் போனபோது அவரில எனக்குக் கோபம். அவரோ பறக்கிறதை விட்டுப்போட்டு வீட்டில இருந்தார். "நான் மாறிச் சொன்னதால உங்கட வேலை போச்சு, மன்னியுங்கோ" எண்டார்.

"உங்கட பங்கை நான் மன்னிக்கலாம். என்ர பங்கை நீங்கள் எடுக்க ஏலாது" எண்டு மெதுவாச் சொன்னியள். பிறகு, "ஏன் பறக்கிறதை விட்டனீங்கள்?" எண்டு கேட்டியள். அந்த மனுசன் அழுதார்.

அடுத்த மாரியில நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்கள். திரும்பி வரேல்லை. செத்த வீட்டில சனம், "வெள்ளைக்காரன் விட்ட பிழைக்கு இந்த மனுசன் அழிஞ்சு போச்சுது" எண்டு கதைச்சது. நான் மறுக்கேல்லை, அண்ணை. அது எனக்கு ஆறுதலா இருந்தது.

இப்ப அவர் புது விமானிகளுக்குப் படிப்பிக்கிறாராம். அண்டைக்கு நடந்ததைத்தான் முதல் சொல்லிக் குடுக்கிறாராம். நேற்று எழும்பிப் போகேக்க கேட்டார்: "உங்கட அண்ணையில பிழையில்லை எண்டு சொல்லட்டோ? முழுக்க என்ர பிழையாகவே இருக்கட்டும்."

ஓம் எண்டு சொல்ல வாயெடுத்தன். ஏலாமல் போச்சு. "வேண்டாம், நடந்தமாதிரியே சொல்லுங்கோ" எண்டன். அவர் போனபிறகு கதவைச் சாத்திப்போட்டு அழுதன். நான் செய்தது சரியோ, அண்ணை?

ஆரும் உங்களில கூடுதலாப் பழி போட்டால் விடமாட்டன். இரக்கப்பட்டு உங்கட பங்கைக் குறைச்சாலும் விடமாட்டன். இது சத்தியம்.

உங்கட கூடப்பிறந்தவள்,
தங்கச்சி