காற்று திரும்புகிறது என்றேன்

நாள் 212. நிலைய நேரம் 06:40
காற்று கரையிலிருந்து கடலுக்கு. மெதுவானது. அலை முழங்கால் உயரம். குளிர் சுழியத்துக்குக் கீழே 180.

எழுதுபவன் இன்னாசி. வயது 68. ஊர் மணப்பாடு, தொழில் மீன்பிடி. இப்போது இருப்பது சனிக்கோளின் நிலவான டைட்டன். இங்கே கடலில் இருப்பது தண்ணீர் அல்ல, குளிரில் திரவமாகிவிட்ட மீத்தேன். எஞ்சின் சூடு பட்டால் அது நுரைக்கும். அளவுக் கருவிகள் தப்புக் காட்டும். அதனால் கயாக் என்னும் ஒற்றையாள் படகில் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். அதற்காகவே என்னை அழைத்து வந்தார்கள்.

வெளியே குரல்பதிவுக் கருவி உறைந்துவிடும். பயணக் குறிப்பைத் தகட்டில் ஆணியால் கீற வேண்டும். ஏழு மாதம் முன்பு வரை எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கடல் ஆய்வாளர் மெர்லின், எங்கள் ஊர்ப் பெண், சொல்லித் தந்தாள். கயாக் பயிற்சியும் அவள் தந்ததுதான். இன்றைய குறிப்பு முழுவதையும் முதன்முறையாக நானே எழுதுகிறேன். எழுதி முடித்த வரியை மறுபடி மறுபடி பார்க்கிறேன். என் வரி.

புறப்பாடு 07:00. வேலை: மூன்று அளவுக் கருவிகளைக் கடலில் இறக்குவது. ஆள் இரண்டு, கயாக் இரண்டு. ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேர மூச்சுக் காற்று. விதி: போக நான்கு மணி, திரும்ப நான்கு மணி, மிச்சம் நான்கைத் தொடக் கூடாது.

நாள் 212. 08:50
கரை அருகே கவிழ்ந்து எழும் பயிற்சி. மீத்தேன் தண்ணீரில் பாதிக் கனம்தான். விழுந்தவன் கல்லைப் போல இறங்குவான். மிதவைச் சட்டை உதவாது. கயாக்கை விடாமல் பிடித்திருப்பதுதான் உயிர்.

மெர்லின் வேண்டுமென்றே கவிழ்ந்தாள். என் கயாக்கைக் குறுக்கே நிறுத்தினேன். அவளுடையதன் மூக்கைத் தூக்கி வடித்து நிமிர்த்தினேன். அவள் வயிற்றால் தவழ்ந்து ஏறினாள். தொண்ணூறு விநாடி.

வானொலியில் மெர்லின்: "நேத்து ரெண்டு நிமிசம், இன்னைக்கு ஒன்றரை. இப்பிடியே போனா என் வேலைய நீங்க புடுங்கிருவிய மாமா."

நாள் 212. 11:00
திரும்ப வேண்டிய நேரம். காற்று கூடியிருக்கிறது, கடலை நோக்கி. மூன்று கருவிகளில் இரண்டை இறக்கியாயிற்று.

மெர்லின்: "நேரமாச்சு மாமா. திரும்புவம்."

நான்: "இருக்கட்டும்மா. காலையில கரைக்காத்து தள்ளிக்கிட்டுப் போவும். மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கொண்டாந்து சேத்துரும். அறுவது வருசமா பாக்கேன். எதுத்து வலிச்சு எதுக்குச் சாவணும்?"

மெர்லின் கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரி மாமா. நீங்க சொன்னாச் சரிதான்."

மூன்றாவது இடத்துக்குப் போகிறோம்.

நாள் 212. 13:20
மூன்றாவது கருவி இறங்கியது. நிலையத்தில் இருக்கும் ஒரே ஆள் சற்குணம் என் வானொலியில் மட்டும் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, காத்து திரும்பிட்டா? இல்லைன்னாச் சொல்லுங்க, மீட்பு ட்ரோனுக்கு இப்பமே சூடேத்துதேன். நாலு மணி நேரம் ஆவும்."

நான்: "திரும்புது, திரும்புது. நீ போய்ச் சாப்புடு."

காற்று திரும்பத் தொடங்கிவிட்டது.

நாள் 212. 14:15
எதிர்க்காற்றில் துடுப்பு. ஒரு மணி நேரமாக அதே இடம்.

மெர்லின்: "மாமா, நம்மூர்ல வெயில் கரையச் சுட வைக்கும், அதனால காத்து திரும்பும். இங்க வெயில் எங்க இருக்கு? ஒரே பக்கமா நாள்கணக்குல அடிக்கும். எனக்கே தெரியும். நீங்க அவ்வளவு உறுதியாச் சொல்லவும் நானும் வாய மூடிக்கிட்டேன்." பிறகு சிரித்தாள். "இம்புட்டுத் தூரம் வந்தும் நீங்க மணப்பாட்டுலதான் இருக்கிய."

அவள் திட்டியிருக்கலாம்.

நாள் 212. 16:35
கடல் நடுவே ஒரு பனிப்பாறை. அதன் உச்சியில் இருந்து எழுதுகிறேன். நான் மட்டும்.

15:30-க்கு மெர்லினின் துடுப்பு முறிந்தது. கவிழ்ந்தாள். நிமிர்த்தி ஏற்றினேன். அதற்குள் மாற்றுத் துடுப்பும் அடியில் போய்விட்டது. கயிறு கட்டி இழுத்தேன். இரண்டு கயாக்கும் காற்றோடு பின்னோக்கியே போயின. இவ்வளவு தூரம் தள்ளப்பட்ட பிறகு, கயாக்கின் உயரத்திலிருந்து குரல் நிலையத்துக்கு எட்டவில்லை. கயிற்றை அவள்தான் அவிழ்த்தாள்.

"பாறைக்குப் போய்ச் சற்குணத்தக் கூப்பிடுங்க மாமா. ரெண்டு பேரும் சேந்து போனா யாருக்கும் தெரியாமப் போயிரும்."

மேலே 13:20-இல் எழுதிய கடைசி வரி பொய். காற்று திரும்பவில்லை. அரை மணியில் திரும்பிவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அறுபது வருடப் பெருமையை அரை மணி நேரம் காப்பாற்றப் பார்த்தேன். ஏழு மாதம் பாடுபட்டுப் படித்த எழுத்தில் பொய்யை எழுதினேன். அந்த வரியை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

சற்குணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு மணி நேரத்த முழுங்கிட்டியளே அண்ணாச்சி." மூச்சு விட்டான். "அரைச் சூட்டுல ஒன்றரை மணியில அனுப்புதேன். ஒருக்கா எறங்கி ஒருக்கா ஏறத்தான் தாங்கும், அதுவும் ஒரு ஆளத்தான். எந்தச் சமிக்ஞை கிட்ட இருக்கோ அங்க போவும். இங்கேருந்து மாத்த முடியாது. மொதல்ல உங்க பாறைதான் வரும். ஏறிக்கிடுங்க."

"மெர்லினுக்கு?" என்று கேட்டேன். "வேற ட்ரோன் இல்ல அண்ணாச்சி" என்றான்.

நாள் 212. 17:50
மெர்லினின் விளக்கு தெரியவில்லை. குரல் வருகிறது, மெலிதாக.

"கை கால ஆட்டாம மடங்கிக் கெடக்கேன் மாமா. ஏழரை வரைக்கும் மூச்சு ஓடும். ட்ரோன் வருதா?"

நான்: "வருதும்மா. நேரா ஒன்கிட்டத்தான்."

"நெசமாவா?"

ஏழு மாதத்தில் நான் சொன்ன எதையும் அவள் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. முகக்கவசத்துக்குள் என் முகம் சுட்டது. வெளியே 180 டிகிரி குளிர்.

"நெசமா" என்றேன்.

நாள் 212. 18:15
என் சமிக்ஞைப் பெட்டியைத் திறந்து மின்கலத்தைக் கழற்றினேன். கையில் வைத்திருந்தால் மனம் மாறும். கடலில் எறிந்தேன். குமிழிகூட வரவில்லை.

என் மூச்சு அவளுடையதைவிடக் குறைவு. எதிர்க்காற்றில் வலித்து நிறையச் செலவழித்துவிட்டேன்.

நாள் 212. 18:41
ட்ரோன். மஞ்சள் மூட்டத்தில் வெள்ளை விளக்கு. தலைக்கு மேலே வந்தது. நிற்கவில்லை. காற்று போகும் பக்கமே போயிற்று.

விரல் மடங்கவில்லை. எழுத்து பெரிதாகிறது. கண்டெடுப்பவர்களுக்கு: மூன்று கருவிகளும் சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பொய் இல்லை.

நாள் 212. 18:58
மெர்லின். குரலுக்குப் பின்னால் ட்ரோனின் இரைச்சல்.

"ஏறிட்டேன் மாமா, ஏறிட்டேன். உங்க சமிக்ஞை ஏன் தெரியல?"

பெட்டி உறைந்துவிட்டது என்றேன்.

"மூச்சு எவ்வளவு இருக்கு? நெசமாச் சொல்லுங்க. கொறவா இருந்தா இத அங்க திருப்புதேன்."

உள்ளே இருப்பவர் திருப்பலாம். திருப்பினால் இங்கே இறங்கும். பிறகு எழும்பாது.

என் முள் ஒன்பது நிமிடத்தில் நிற்கிறது. யாருக்கும் தெரியாமல் கூடுதல் காற்றுக் குப்பி ஒன்று கொண்டுவந்தேன், மூன்று மணி நேரத்துக்கு இருக்கிறது என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். இன்று மூன்றாவது முறையாக அவளை நம்ப வைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அப்பம் சரி. போய் எறங்குனதும் இதையே மறுபடி சூடேத்தி அனுப்பச் சொல்லுதேன். அதுவர தூங்கிராதிய. எழுதிக்கிட்டே இருங்க."

எழுதுகிறேன் அம்மா.

எட்டு.

ஏழு.