பன்னிரண்டு வயதுக்கு மேல்

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

உன் பேய்ப் படத்தை நேற்று நாற்பது பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது. பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று சென்சார் சான்று கொடுத்தால்தான் விடுமுறைக் கூட்டம் வரும் என்று உன் தயாரிப்பாளர் எங்கள் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறார். நான் உன் அக்கா என்பது அவருக்குத் தெரியாது. அதுவே எனக்கு உறுத்தல்.

நான் எப்படி வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து உட்கார்வேன். படம் காதில் மட்டும் விழும். எந்த நிமிஷத்தில் யார் கண்ணை மூடுகிறார்கள் என்று குறிப்பேன்.

பேய் வந்தபோது ஒருவரும் மூடவில்லை. "டேய், மேக்கப் உருகுதுடா!" என்றான் ஒருவன். "பாவம்ப்பா, யாராச்சும் அதுக்கு ஒரு சீப்பு குடுங்க" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. அரங்கமே சிரித்தது.

நாற்பத்தோராவது நிமிஷம். பைக் வந்து நிற்கும் சத்தம். செருப்பைக் கழற்றி வீசும் சத்தம். பதினான்கு பேர் கண்ணை மூடிவிட்டார்கள். பிறகு மேல் தாழ்ப்பாள் விழுந்தது. என் கையிலிருந்த பேனாவும் விழுந்தது.

அது நம் வீட்டு அறைதானே?

உன் அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சீப்பு விஷயத்தைக் கேட்டு மேக்கப்காரர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நம் வீடுதான். யாருக்குத் தெரியப்போகிறது? சென்சார் குழுவுக்கு ஒருமுறை காட்டிவிட்டோம். பேயின் வாயில் வழியும் ரத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அறைக் காட்சியைப் பற்றி நானே கேட்டேன். "அப்பா பொண்ணைக் கண்டிக்கிறாரு. குடும்பக் காட்சி. அதுல என்ன இருக்கு?" என்றார் தலைவர்.

இனி உன் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. பதினான்கு பேர் என்று எழுதினால் பதினாறு வயதுக்கு ஏற்றிவிடுவார்கள். 'சிலர்' என்று எழுதேன். பொய்யில்லையே! மூன்று வருஷ உழைப்பு அக்கா. இது படுத்தால் அடுத்த படத்துக்கு என்னை எவனும் கூப்பிட மாட்டான்.

நீ பார்க்கவில்லை என்பதால் சொல்கிறேன். அந்தக் காட்சியின் முடிவில் தம்பி நாற்காலி போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறான். உனக்காகத்தான் வைத்தேன்.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

'சிலர்' என்று எழுத மாட்டேன். பதினான்கு என்றால் பதினான்குதான்.

உங்கள் சென்சார் தலைவர் மேல் வரும் கோபத்தை எங்கே கொட்டுவது? பேயின் ரத்தம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், அப்பாவின் பெல்ட் கெடுக்காது, இல்லையா? சரி, பதினாறு என்றே போடட்டும். தியேட்டர் வாசலில் வயதைக் கேட்பார்கள். அந்தப் பதினான்கு பேரின் வீட்டு வாசலில் யார் கேட்பார்கள்? அவர்கள் இதைப் பார்க்கலாமா என்று மேசை போட்டுப் பேசுகிறோம். வீட்டில் இதைப் படலாமா என்று எந்த மேசையிலும் பேச்சில்லை.

இன்னொன்று. எதை நம்ப முடியவில்லை என்று கேள்வித்தாளில் கேட்டிருந்தோம். முப்பத்தொன்பது பேர் பேயை எழுதியிருந்தார்கள். சீப்பு கேட்ட பெண் எழுதியது இது: "தம்பி கதவைத் திறக்கிறது. திறந்தா அவனுக்கும் விழும். அவன் திறக்க மாட்டான்."

எனக்காக வைத்தேன் என்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கதவை ஒவ்வொரு தடவையும் யார் திறந்தது என்று உனக்கு நினைவில்லையா? அடுத்த நாள் காலையில், அம்மா.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

பதினைந்து நாளாக எழுதவில்லை. முதல் வாரம் உன்மேல் கோபம்.

நான் திறந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. கதையாக எழுதி, படமாக எடுத்து, எடிட்டிங்கில் திரும்பத் திரும்பப் பார்த்து, அதுவே நடந்ததாகிவிட்டது. நான் செய்தது டிவி சத்தத்தைக் கூட்டியது. எட்டு வயது, பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதிலும் கூட்டினேன். அப்போது நாற்காலி இல்லாமலே எனக்குத் தாழ்ப்பாள் எட்டும்.

திறக்கும் இடத்தை வெட்டிவிட்டேன். ஒத்திகையில் தம்பியாக நடித்தவன் களைத்துப்போய் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்திருக்கிறேன். உட்கார்ந்தே இருக்கிறான். சென்சார் குழு மறுபடி பார்த்து, "யாரும் காப்பாத்தலன்னா பிள்ளைங்க மனசு கெட்டுப்போகும்" என்று பதினாறு போட்டுவிட்டது. அடித்ததில் கெடாத மனசு! தயாரிப்பாளர், "பேயை எடுடான்னா வீட்டை எடுத்து வச்சிருக்க" என்று கத்திவிட்டுப் போனார். விடுமுறை போயிற்று. மொத்தம் பதினொரு தியேட்டர்.

மே முதல் ஞாயிறு காலை நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு காட்சி. அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அப்பா புதுச் சட்டை தைத்திருக்கிறார். நீயும் வா.

தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு தடவை படித்தேன். எட்டு வயதுக்காரன் மேல் எனக்குக் கோபமே இல்லை. பன்னிரண்டு வயதுக்காரனைப் பற்றி இன்னும் தெரியவில்லை. கேட்காமலே சொன்னாயே, அதை வைத்துக்கொள்கிறேன்.

அப்பா வந்தால் நான் வரமாட்டேன். அதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். அம்மாவைத் தூது விடாதே, உடம்பு சரியில்லை, இடம் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. காரணத்தோடு சொல். முடியாது என்றால் அதையும் எழுதிவிடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை வீட்டுக்குப் போனேன். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க வர வேணாம்பா. அக்கா வரா" என்றேன்.

"அவ வந்தா வரட்டும். நான் வந்தா அவளுக்கு என்ன?" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். பைக் சத்தத்திலிருந்து ஆரம்பித்தேன். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லை, வெறும் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை.

உள்ளே போய் குழாயை மூடினேன். திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அப்பா வரமாட்டார். காட்சி பத்து மணிக்கு.

உன் தம்பி