உதைக்கக் கூடாத புல்லட்

ஜூலை 6, 2025, ஞாயிறு

ஹாலில் கால் வைக்க இடமில்லை. சோபாவில் நான் பிரித்துப்போட்ட பழைய புல்லட்டின் சிலிண்டர் ஹெட், டிவி பக்கத்தில் கார்புரேட்டர். கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்துவிட்டு வந்த அப்பா நாற்காலியில் அப்பாடா என்று உட்கார்ந்தார், பிஸ்டன் மேல்.

"ஸ்ரீவல்லி! வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா ஏர்பேடு கங்கையாவை வரச்சொல்லி இரும்புக்குப் போட்டுடுவேன்."

போடட்டும் என்று விடமுடியாது. பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்துகிறேன். இதற்கு முன் ஓர் எஞ்சினைக்கூட என் கையால் பிரித்துக் கூட்டியதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 7

கூட்டியாச்சு. உதைத்தால் கிக்கர் கொழகொழவென்று இறங்குகிறது. உள்ளே காற்று அடைபடவே இல்லை. ஏன்?

அட ராமா! தேய்ந்த ஹெட்டையும் சிலிண்டரையும் லேத்தில் சீவினோமே. எஞ்சின் குள்ளமாகிவிட்டது. வால்வைத் தூக்கிவிடும் புஷ்ராடு மட்டும் பழைய நீளம். அட்ஜஸ்டரை முழுக்க இறக்கியும் போதவில்லை. வால்வை மூடவிடாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. போன வருஷம் இதையே கேள்வித்தாளில் கேட்டேன். மண்டு, மண்டு.

ஜூலை 8

சரியான நீளம் பார்க்க ஒரு கம்பியை இரண்டாக வெட்டி, நடுவில் நட்டுப் போட்டு, நீட்டிக் குறைக்கும்படி செய்துகொண்டேன். வால்வு மூடியிருக்கும்போது கம்பி விரலால் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுதான் நீளம். கிடைத்தது! நான் கத்திய கத்தலில் பால் பொங்கிவிட்டதோ என்று அம்மா ஓடிவந்தாள்.

ராடில் எண்ணெய்ப் பிசுக்கு, மார்க்கர் எழுதவில்லை. அப்பா நாமம் இட்டுக்கொள்ளும் திருமண் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒரு ராடில் வெள்ளைத் திருமண், இன்னொன்றில் சிவப்பு ஸ்ரீசூர்ணம். வெட்ட வேண்டிய இடம் பளிச்சென்று தெரிகிறது. நான் கெட்டிக்காரிதான்.

ஜூலை 9

லேத் தணிகாசலம் ராடைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இன்னாம்மா, நாமம் போட்டு எட்டாந்துகீற? நான் காத்தால கறி துன்னுட்டு வந்துகீறேன். தொடமாட்டேன்."

"இது அளவுக் கோடுண்ணா!"

"உனுக்குக் கோடு. எனுக்கு சாமி."

நாளைக்குக் குளித்துவிட்டு வெட்டித் தருவாராம். ஆத்திரத்தில் ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன்.

ஜூலை 10

தந்தார். நுனித் தொப்பியைக் கழற்றி, குழாயைக் குறைத்து, மறுபடி ஏற்றி... அப்படி ஒரு சுத்தமான வேலை. ஆனால் நாமத்தை வெட்டிய பாவம் வேண்டாமென்று, மீதிக் குழாயில் புதிதாக இட்டு, அழியாமலிருக்க மேலே வார்னிஷும் அடித்திருக்கிறார். எஞ்சினுக்குள் வார்னிஷ்!

மாட்டும்போது அம்மா பார்த்துவிட்டாள். நான் கிக்கரில் காலை வைத்ததும் அலறினாள். "அடிப்பாவி, உள்ள திருமண் இருக்கு, காலால உதைக்கறியே!"

அப்பா வந்தார். விசாரணை நடந்தது. தீர்ப்பு: உதைக்கப்படாது.

"ஏறி உக்காரலாமா?"

"பெருமாள் கருடன் மேல உக்காரலையா? பேஷா உக்காரு. உதைக்காதே."

இவாளோட நான் எங்கே போய் முட்டிக்கிறது? பழைய வண்டி, ஸ்டார்ட் பண்ணப் பட்டனும் கிடையாது. நாளைக்கு வெள்ளி.

ஜூலை 11, வெள்ளி

கங்கையா மினி லாரியும் சம்மட்டியுமாக வந்தார். அப்பாவுக்குப் பொய் வராது, உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார். கங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வத்து சாமி, வேணாம். நாமத்தை நான் சம்மட்டியால அடிச்சா என் குடும்பம் இன்னா ஆவறது?" லாரி போயே போய்விட்டது.

உதைக்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. அப்பாவும் நானும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்ப்பா. கைதானே?"

 அப்பா பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்க்க, மூச்சிரைக்கத் தள்ளினார். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். தட்... தட்... தட தட தட!

ஓடுகிறது! என் எஞ்சின்! நிறுத்தினால் மறுபடி தள்ளணுமே என்று ரேணிகுண்டா வரை போய்விட்டேன். ஹெல்மெட்டுக்குள் அழுகையும் சிரிப்பும்.

ஜூலை 28, திங்கள்

முதல் பீரியட். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன். தினமும் போலத் தள்ளிவிட வண்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்பா சொல்வது கேட்கிறது: "ஹெட்டைச் சீவினா பழைய ராடு எப்படி ஓய் சேரும்? அளவெடுத்துப் பார்த்து நாங்கதான் குறைச்சோம்."