பம்பு இருக்க வேண்டிய இடம்

தேபெக்,
ஜனவரி 14

ஹேரின் அப்பாவுக்கு,

உலான்பாத்தரில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். காதையும் கழுத்தையும் நன்றாக மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் வேலை இருக்கிறது. நேற்று மட்டும் இரண்டு வீடுகளில் குழாய் உறைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிறு பார்த்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. இதையும் காலையிலிருந்து எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். எழுந்து போய் பாய்லரைப் பார்க்கிறேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை, பிரசவ ஓய்வு இல்லம் நடத்தும் டாக் மி-ரான் அம்மா கூப்பிட்டார். அந்தப் பம்பு வேலையிலிருந்து நம்மை வெளியே அனுப்பியவர்தான். நமக்குப் பிறகு பெரிய பம்பு மாட்டிய ஆள் இப்போது போனை எடுப்பதில்லையாம். மூன்றாம் மாடிக் கடைசி அறையில் பிள்ளை பெற்று ஐந்து நாளான ஒரு பெண். அடியில் வெந்நீர்க் குழாய் ஓடியும் தரை பனிக்கட்டியாக இருக்கிறதாம். பச்சை உடம்பில் குளிர் ஏறினால் ஆயுளுக்கும் மூட்டுவலி என்று அவளுடைய மாமியார் அழுதுகொண்டிருந்தாராம்.

போனேன். கீழ்மாடியில் தரை சுட்டது, கால் வைக்க முடியவில்லை. குழாய்களில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. மேலே கடைசி அறை மட்டும் குளிர்ந்து கிடந்தது. கீழே வந்து பம்பை நிறுத்தினேன். பிரஷர் முள் ஒன்றே கால் பாரில் நின்றது. திரும்ப ஓடவிட்டேன். முள் அரைக்கு இறங்கிவிட்டது. மூன்றாம் மாடிவரை தண்ணீர் ஏறி நிற்கவே ஒரு பார் வேண்டும். அப்படியானால் மேலே குழாய் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது; காற்று அடைத்த குழாயில் வெந்நீர் ஓடாது. பம்பு பெரிதாக ஆக, இன்னும் அதிகமாக உறிஞ்சும். நான் சின்ன பம்பை வைத்திருந்த அதே இடத்தில்தான் அந்த ஆளும் பெரியதை மாட்டியிருந்தார்.

அக்டோபரில் நீங்கள் இடுப்புவலியோடு படுத்திருந்தபோது வரைந்து கொடுத்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் முதலில், சூட்டில் விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் அந்தச் சிவப்பு டேங்க், அதற்குப் பிறகு பம்பு; பம்பு எப்போதும் டேங்கை விட்டு விலகித்தான் தள்ள வேண்டும் என்று இரண்டு முறை சொன்னீர்கள். நான் தனியாகப் போனேன். டேங்குக்குப் பின்னால் இடம் ஒடுக்கம், ஸ்பேனரைத் திருப்ப முடியவில்லை. இரண்டு சாணில் என்ன ஆகிவிடப் போகிறது என்று டேங்குக்கு முன்னாலேயே பம்பை மாட்டிவிட்டு வந்தேன். படத்தில் இருப்பதுபோல்தானே வைத்தாய் என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன்.

கடைசி அறை குளிர்ந்துபோய், அங்கே இருந்த பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று, நீங்கள் பாய்லர் அறையில் டார்ச்சைப் பம்பின் மேலேயே வெகுநேரம் பிடித்திருந்தீர்கள். அப்புறம் என்னை ஒரு முறை பார்த்தீர்கள். வெளியே வந்து டாக் அம்மாவிடம், “தப்பு என்னோடதுதாம்மா. பம்பை இடம் மாத்தி வைக்க ஒரே ஒரு நாள் குடுங்க,” என்றீர்கள். கஞ்சத்தனமாகச் சின்ன பம்பு வாங்கி மாட்டிய மனிதர் என்று அத்தனை பேர் முன்னால் அவர் கத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதைவிடக் கேவலமானதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கெட்ட பேரோடு நீங்கள் விமானம் ஏறிய வாரம், அந்தப் பெரிய பம்பு சரியாக வேலை செய்ய வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். செய்துவிட்டால் சின்ன பம்பு போதும் என்ற உங்கள் கணக்குதான் தப்பு என்று ஆகிவிடும், நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று.

செவ்வாயன்று டாக் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. உங்கள் சின்ன பம்பு அங்கேயே மூலையில் கிடந்தது. டேங்குக்குப் பின்னால் குழாயை வெட்டி, அதையே மாட்டினேன். மறுநாள் நண்பகலுக்குள் கடைசி அறையில் தரை வெதுவெதுப்பாகிவிட்டது. குழாய்களில் சத்தமே இல்லை. அந்தப் பெண் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப்பைக் குடித்துவிட்டு, குழந்தையோடு தரையிலேயே படுத்துத் தூங்கினாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தையும் நன்றாக இருக்கிறதாம், இப்போது குப்புற விழுகிறதாம்.

புறப்படும்போது டாக் அம்மா கேட்டார்: “உன் வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் உன் பேரைச் சொல்லவே இல்லையே, ஏன்?”

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் பெண் ஹேரினிடமும் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகள் உங்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினார்கள் என்றுதான் அவள் நீச்சலை விட்டாளாம், இப்போதுதான் சொன்னாள். “அப்பாகிட்ட நீயே சொல்லு,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஒப்பந்தம் மார்ச் வரைக்கும் என்று தெரியும். அதற்கு முன்பே வாருங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்தனை வருடத்தில் நீங்கள் என்னைத் திட்டியதே இல்லை. இந்த ஒரு முறை திட்டி எழுதுங்கள். எத்தனை பக்கமானாலும் உட்கார்ந்து படிக்கிறேன்.

உங்கள்
ஸோன்-ஜு