கருவாட்டு வாடையும் சுகவாச சங்கமும்

தென்காசி,
20-7-1936

என் பாசமுள்ள அம்மாவுக்கு, மாதாவின் காவலில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பி மகள் மரியசெல்வம் எழுதுவது. நான் சுகம். பள்ளிக்கூடத்திலும் குறையில்லை.

சனிக்கிழமை நம் ஊர்ச் சுகவாச சங்கத்தார் குற்றாலம் வந்திருந்தார்கள். நம் கடற்கரைக்கும் சீக்காளிகளை வரவழைத்தால் ஊரின் பேர் உயருமாம். பி.ஏ. படித்தவள் என்று, விளம்பரம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அருவியில் குளித்து வந்த தலைவர் தொம்மை அண்ணாச்சி, கடலிலும் எண்ணெய்க் குளியல் வைப்போம் என்றார். அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட சுடலையாண்டி சிரித்துவிட்டான்.

"உப்புத்தண்ணியில எண்ணெ எங்கன போவும் அண்ணாச்சி? சீக்காளி மேலெல்லாம் மணல அப்பிக்கிட்டுல்லா வீட்டுக்குப் போவான்!"

நானும் சிரித்தேன். அண்ணாச்சியின் அடுத்த பேச்சில் சிரிப்பு நின்றது.

"மொதல்ல கருவாடு காயப்போடுத பொம்பளைகள அங்கன இருந்து கெளப்பணும், டீச்சர். வாடை கொடலப் பொரட்டுது."

நீங்களும் அங்கேதான் காயப்போடுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். எழுத மாட்டேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

தங்கச்சி வாசித்துப் பார்க்காமல், சங்கத்தார் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள். வைத்தால் கரை போய்விடும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டாருக்குப் பயந்து, கருவாட்டை ஒன்பது சுற்றுக் காகிதத்தில் மறைத்து அனுப்பச் சொன்னவள் நான். பத்து வருஷமாக அண்ணாச்சியின் வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். இனி ஓலைப்பெட்டியில் அனுப்புங்கள். மூட வேண்டாம்.

பள்ளி மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
செல்வம்