சோற்றோடு போட வேண்டிய மாத்திரை

நேற்று உன் தங்கை மூலக்குளத்திலிருந்து வந்து உன் சாப்பாட்டு டப்பாவை என்னிடம் கொடுத்தாள். "வூட்ல இதப் பாத்தாலே அம்மா அழுவுதுண்ணே. நீயே வெச்சுக்க." மூடியைத் திறந்தேன். எத்தனை முறை கழுவினாலும் போகாத அந்தப் புளிக்குழம்பு வாசனை. உள்ளே ஒரு மாத்திரை அட்டை, நான்கு மிச்சம்.

மேட்டுப்பாளையத்தில், நம் பேக்கிங் ஷெட்டில், உன்னைப்போல் சாப்பிட ஆளில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை உன் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுத் தந்தது நான்தான்.

அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ உட்காரும் முன்பே டாக்டர், "எத்தினி வருஷமா குடிக்கிற?" என்றார். சரக்கு மலிவென்று வெளியூர்க்காரன் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. இங்கே மெலிந்தவனெல்லாம் குடிகாரன். "குடிக்கிறதில்ல சார்" என்றாய். அவர் நம்பவில்லை. ஸ்கேன் வந்த பிறகுதான் குரல் இறங்கியது. கணையத்தில் கல். குடிக்காதவர்களுக்கும் வருமாம்.

"வாயில எச்சில் சோத்தக் கொஞ்சம் உடைக்கும், வயித்துல கொஞ்சம் உடையும். பெரிய வேலையெல்லாம் கணையத்துலேர்ந்து வர்ற நொதிதான் செய்யணும். சோறு, கறி, எண்ணெய் எல்லாத்தையும் அது பொடியா உடைச்சாதான் குடல் இழுத்துக்கும். உனக்கு அது சுரக்கல. அதான் வெளிக்குப் போனா எண்ணெய் மிதக்குது. இந்த மாத்திரையில அந்த நொதி இருக்கு. மொத வாய் சோத்தோட ஒண்ணு, பாதியில ஒண்ணு. முன்னாடியே போட்டா வீண்."

உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டேன்.

மறுநாள் மதியம் ஆறு பேரும் பேப்பர் விரித்து, குழம்புகளை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். நீ அட்டையை எடுத்தாய். "என்னா மச்சான், நேத்து அடிச்ச சரக்குக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர், "இவனும் நம்ம கட்சிதானா" என்றான். நீயும் சிரித்தாய்.

அதற்கப்புறம் உன் மாத்திரையை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு மணிக்கு அரை மணி நேரம் முன்பே கக்கூஸில் போய் விழுங்கிவிட்டு வருவாய். ஒருநாள் அங்கே உன்னைப் பார்த்துவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டே, "எப்ப போட்டா என்னா மச்சான், உள்ளதான போவுது" என்றாய்.

'வாடா, சோத்தோட போடு' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நாலு பேர் முன்னால் நான் பேசியது தப்பென்று ஒப்புக்கொள்ள வேண்டும். கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பதிலாக என் டப்பாவிலிருந்து உனக்கு இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தேன். எட்டு மாதம் வைத்தேன். நீ தின்றுகொண்டே பட்டினி கிடந்தாய்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. தாங்க உடம்பில் ஒன்றுமில்லை. "மாத்திரை ஒழுங்காப் போட்டிருந்தா கொஞ்சம் தாங்கியிருப்பாரு" என்று டாக்டர் உன் தங்கையிடம் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை எடுத்த அன்று சூப்பர்வைசர், "குடிச்சே போய்ட்டான்" என்றான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று மதியம் குழம்புகளுக்கு நடுவில் உன் அட்டையை வைத்தேன்.

"என்னடா, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் சூப்பர்வைசர்.

"அவனோடது. சோறு செரிக்கப் போட்டது. அவன் ஒரு நாளும் குடிச்சதில்ல. நான் கிண்டல் பண்ணித்தான் அவன் கக்கூஸுக்குப் போய்ப் போட்டான்."

யாரும் சிரிக்கவில்லை.

அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது, மச்சான். நாளைக்கும் அதை நடுவில்தான் வைப்பேன்.